சொட்டு நீலமும் என் தலையும்

5-5-88, வியாழன்

தறி நூல் வாங்கும் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. நாலு மாதம் சும்மா கிடந்தது. இன்றுதான் எழுதத் தகுந்த சேதி வந்திருக்கிறது. லிங்கம்மாள் அக்கா மகன் சக்திகுமாருக்கு அருப்புக்கோட்டையில் பெண் அமைகிறது. பெயர் பானுப்பிரியா. தகப்பனார் தனுஷ்கோடி, சேலைக் கடைக்காரர். பையன் ஏற்கெனவே பெண்ணைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து தறியில் பாட்டுச் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசி முடிப்பது தாய்மாமன் பொறுப்பு. அதாவது நான். பேச்சில் என்னை ஜெயிக்கக் காரியாபட்டிக்குத் தெற்கே ஆள் கிடையாது. வடக்கேயும் இல்லை என்றுதான் கேள்வி.

ஒரே ஒரு சிக்கல். தெருக்குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து எட்டு மாதமாகிறது. வியாழனுக்கு வியாழன் லாரி வரும். வீட்டுக்கு நாலு குடம்.

“தண்ணி இல்லாத தெருவுக்குப் பொண்ணு குடுப்பாகளா தம்பி?” என்று அக்கா கேட்டாள்.

“தண்ணிப் பேச்சே வராமப் பேசிட்டு வாரேன் பாரு” என்றேன்.

8-5-88, ஞாயிறு

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். என் தலை முழு வெள்ளை. லாரியின் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் பழைய வேட்டி மாதிரி பழுப்பேறிவிட்டது. பழைய வேட்டியை வெளுப்பாக்குவது எது? சொட்டு நீலம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். (ஏழு என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.)

ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு என்பது கணக்கு. வாளித் தண்ணீருக்கு எங்கே போக? வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு செம்பு. அதில் நாலு சொட்டு விட்டேன். நன்றாக வெளுக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம். அப்போது மூடி கழன்றுகொண்டது.

கண்ணாடியில் பார்த்தால் மயில் கழுத்து! அலச ஒரு கை தண்ணீர் இல்லை. அக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான கன்னடத்தில்தான் திட்டுவாள். இன்று தமிழில் திட்டினாள், தெருவுக்கே புரியட்டும் என்று. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலவனத்தம் தாண்டியதும் காற்றில் துண்டு பறந்தது. முன்னூறு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். பாதிப் பேர் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் வந்தார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்டக்டர் செல்வதுரை, “அண்ணாச்சி, இந்தத் தலைக்குத் தனியா லக்கேஜு போடணும்” என்றார். “போடுங்க தம்பி, ஜன்னல் சீட்டாக் குடுங்க” என்றேன். ஒரு குழந்தை சாமி என்று நினைத்துக் கும்பிட்டது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

தனுஷ்கோடி வீட்டில்தான் கதை மாறியது. பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் சிரிக்கவில்லை.

“ஏன் அலசாம வந்தீக?”

பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்று பார்த்து ஒன்றுகூட வாயில் வரவில்லை. “வீட்ல தண்ணி இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன்.

“தல அலச ஒரு குடம் இல்லாத வீட்டுக்கா எம்பொண்ண அனுப்பச் சொல்றீக? குழாயில தண்ணி வரட்டும். அப்புறம் வாங்க, பேசுவோம்.”

9-5-88

சக்திகுமார் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தறியில் போய் உட்கார்ந்தான். பாட்டு இல்லை. ஏலே, திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

12-5-88, வியாழன்

லாரி வந்தது. தலையை அலசச் சொல்லி அக்கா ஒரு குடத்தை என் முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை.

மோட்டாருக்காக மூன்று தடவை டவுன் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். மூன்று தடவையும் அங்கிருக்கும் அதிகாரி தலை நிமிரவில்லை. இப்போது எனக்கென்று ஒரு தலை இருக்கிறதே! குழாயில் தண்ணீர் வரும் வரை இதை அலசுவதாக இல்லை.

16-5-88, திங்கள்

மனு நாள். அதிகாரி நிமிர்ந்தார்! பேனா கீழே விழுந்தது. மின்விசிறி நின்றது. (கரண்ட் போனது அதே நேரம்தான்.)

“என்னய்யா தலை இது?”

“அலசத் தண்ணி இல்லாத தலைங்கய்யா.”

ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார். மனுவை முதல்முறையாகப் படித்தார். “பாக்குறேன்” என்றார்.

23-5-88, திங்கள்

வேர்வையில் சாயம் வெளுத்துவிட்டது. இன்று நானே, மூடி கழலாமல், தெரிந்தே போட்டுக்கொண்டு போனேன். “ஃபைல் நகருது” என்றார் கிளார்க். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்தால் டீக்கடை சண்முகவேல், “ஏலே சௌடையா, மோட்டார் வாரதுக்குள்ள ஒனக்கு மொட்டையே விழுந்துரும்” என்கிறான். கடையே சிரித்தது. இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

30-5-88, திங்கள்

இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

காலையில் கிளம்பினேன். வாசலில் அக்கா நிற்கிறாள். கொண்டை நீலம்! “என்னடா பாக்குற? எம்மகன் கல்யாணத்துக்கு நீ ஒருத்தந்தான் அசிங்கப்படணுமா? நட” என்றாள். அவளுக்குப் பின்னால் நூறு பேர். சரி, பதினோரு பேர். தெருவில் நரைத்த தலை அவ்வளவுதான். கறுப்புத் தலையில் நீலம் தெரியாதே. கடைசியாக சண்முகவேல், மீசைக்கும் சேர்த்துப் போட்டிருந்தான். “மிச்சமிருந்துச்சு” என்றான்.

வழியெல்லாம் பஸ்கள் நின்றன. ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அக்கா அதிகாரி மேசை முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, நாங்க தல அலசணும். மோட்டாரக் குடுங்க.”

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. போனை எடுத்தார். எங்கள் முன்னாலேயே பேசினார்.

4-6-88, சனி

மோட்டார் வந்து இறங்கியது. யானை அளவு. கொஞ்சம் சின்ன யானை.

9-6-88, வியாழன்

தண்ணீர். லாரித் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர்! அக்காவும் நானும் அந்தப் பதினோரு பேரும் வரிசையில் உட்கார்ந்தோம். சக்திகுமார்தான் என் தலையில் ஊற்றினான். நான் போதும் என்ற பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தான். சாக்கடை நீலமாக ஓடியது.

தலை துவட்டும்போது, மோட்டார் வந்த சேதி கேட்டுத் தனுஷ்கோடி வந்து இறங்கினார், கையில் தாம்பூலத்தோடு. குழாயைத் தானே திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். “ஆவணியில வச்சுக்கிருவோமா?” என்றார். பேச்சில் ஜெயித்தேன் என்று எழுதலாம். நான் வாயே திறக்கவில்லை.

கிளம்பும்போது, “எம்மக ஒண்ணு சொல்லிவிட்டிருக்கா. மாமா கல்யாணத்துக்கும் அந்தத் தலையோடதான் வரணுமாம்” என்றார்.

பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். அடியில் நாலு சொட்டு இருக்கிறது. தறியில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. வாசலில் வாளி நிறையத் தண்ணீர்.