முடிச்சின் வால்

மார்ச் 4, செவ்வாய்

தங்கை வீட்டுக்காரரைத் திருடன் என்று சொல்லிக் கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டேன். காலையில், வாசலில் வைத்து, லோடு ஏற்றும் ஆட்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எழுதி வைத்தால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன். போன வாரம் தகரம் கிழித்து வலது கட்டைவிரலில் தையல். கட்டோடு எழுதுவதால் எழுத்து கோணல்.

பழைய இரும்பை எவனும் சுலபமாகத் தூக்கிவிட முடியாது. செம்பு அப்படியில்லை, கைப்பைக்குள் அடங்கிவிடும். செம்புக் கம்பி மூட்டை உள்ளறையில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் சேருவதால், நிறையும்வரை எடை போடுவதில்லை. அதற்குப் பதில் என் முடிச்சு. சாயங்காலம் மூட்டை வாயை நான்தான் கட்டுவேன். நான் கட்டினால் கயிற்றின் வால், அதாவது மிச்ச நுனி, சுவர்ப் பக்கம் விழும். மற்றவர் கட்டினால் கதவுப் பக்கம் விழும். தள்ளுவண்டியில் பழைய சாமான் வாங்கிய காலத்துப் பழக்கம். யாரும் கவனித்துவிடக் கூடாதென்று வாசலைப் பார்த்துக்கொண்டே, கை மட்டும் வேலை செய்யக் கட்டுவேன். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

மில் மூடி மாப்பிள்ளை சும்மா இருந்தபோது நானேதான் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன். காலையில் திறப்பது அவர். கொஞ்ச நாளாக, நான் போய்ப் பார்க்கும்போது வால் கதவுப் பக்கம்.

"மூட்டைய அவுத்தீங்களா மாப்ளே?"

"இல்லையே மச்சான்."

"அவுத்தது எனக்குத் தெரியுது. கேட்டு வாங்கினா குடுக்கமாட்டேனா? திருடணுமா?"

அவர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிரபராதியாக இருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டாரா?

மார்ச் 5, புதன்

காலையில் நானே திறந்தேன். இன்றும் வால் கதவுப் பக்கம்.

அப்படியானால் இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறார். என்ன தைரியம். புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டேன். நாங்கள் செம்பு விற்கும் உருக்காலை முதலாளிக்கும் போன் செய்து, "என் தங்கச்சி வீட்டுக்காரர் செம்பு கொண்டுவந்தா வாங்காதீங்க, என்னோடது" என்று சொல்லிவைத்தேன். அவர் "அப்படியா" என்றதோடு சரி.

தங்கை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நான் ஏன் செய்ய வேண்டும்?

மார்ச் 6, வியாழன்

மகள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இங்கிலீஷ் படிக்கிறாள். சாப்பிடும்போது ஒன்றைச் சொல்லி அர்த்தம் கேட்டாள். சந்தேகத்தின் பலனை ஒருவருக்குக் கொடுப்பதாம்.

"இது தெரியாதா? சந்தேகம் வந்துட்டா, லாபம் சரக்க கையில வெச்சிருக்கறவனுக்கு."

"நீங்க யாவாரம் சொல்றீங்கப்பா. தப்பா சரியானு தெரியலன்னா, அந்த ஆள் சரின்னே வெச்சுக்கணும். அதான் அர்த்தம்."

"அப்படி வெச்சுக்கிட்டிருந்தா நான் இன்னிக்கும் தள்ளுவண்டிதான் தள்ளிக்கிட்டிருப்பேன்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமாவும் வண்டி தள்ளுற ஆளா ஆகக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

தட்டில் பாதி இருக்கும்போதே கை கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

புதுப் பூட்டு. சாவி என் இடுப்பில். அப்படியும் வால் கதவுப் பக்கம்.

கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கும் என்று ஏணி போட்டு ஏறினேன். இந்த வயதில். ஓட்டை எதுவும் இல்லை. வீட்டுக்காரி சட்டையில் துருவைப் பார்த்துக் கேட்டாள். வேறு வழியில்லாமல் முடிச்சு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"கூரையப் பிரிச்சு இறங்கி, முடிச்ச அவுத்து, மறுபடி ஒழுங்கா கட்டிட்டு, கூரையையும் மாட்டிட்டுப் போறானா? அவனுக்கு நாமதாங்க கூலி குடுக்கணும்."

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த முடிச்ச வெச்சா அவர அப்படிச் சொன்னீங்க?"

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் பழைய பேப்பர் கட்டு ஒன்று. கட்டிக்கொடுங்கள் என்றாள் வீட்டுக்காரி. கட்டினேன்.

"என்னங்க, நீங்க இடதுகைக்காரரா ஆயிட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையால் இழுத்திருக்கிறேன். வால் எதிர்ப் பக்கம் கிடந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிடங்குக்குப் போனேன். மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, எப்போதும்போல வாசலைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். திரும்பிப் பார்த்தால் கதவுப் பக்கம். அவிழ்த்து, வலியோடு வலது கையால் கட்டினேன். சுவர்ப் பக்கம். தையல் விட்டு ரத்தம் வந்தது.

தையல் போட்ட நாளிலிருந்து முடிச்சை மாற்றிக் கட்டினவன் நான்தான். ஊரே பார்த்துவிடக் கூடாதென்று வாசலைப் பார்த்தேனே, ஒரு தடவை என் கையைப் பார்த்தேனா?

மார்ச் 10, திங்கள்

கிடங்கைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அதுவும் பொய்.

மார்ச் 11, செவ்வாய்

சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன், மாமாவை வரச் சொல் என்று மகளிடம் சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

"எதுக்குக் கூட்டறீங்க? திருடன்னு சொன்னதுக்கு வாடகையா?" என்றாள். "போய் மன்னிப்புக் கேளுங்கப்பா. அதுக்கு விலை கிடையாது, அதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

என் வாய்தான் அவளுக்கும். அடி வாங்கும்போதுதான் தெரிகிறது எப்படி வலிக்கும் என்று.

மார்ச் 13, வியாழன்

தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், வழிவிடவில்லை. சின்ன வயதில் வண்டியின் மேல் தகர டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, "இன்னும் வேகமா தள்ளுண்ணே" என்று கத்தியவள். அப்பா அம்மா போனபிறகு நான் வளர்த்தவள். இன்று நிலைப்படியைத் தாண்டி என் கால் போகவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். விரல், முடிச்சு, வால். கட்டைவிரலைக் காட்டினேன், ஏதோ டாக்டரிடம் காட்டுகிறமாதிரி.

"முடிச்சு அவருக்கு மொதல் வாரமே தெரியும்ணே," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ தினமும் ஒரே மாதிரி கட்டுறத அவரு பாத்திருக்காரு. எதுக்குன்னும் புரிஞ்சிருக்கு. வீட்ல வந்து சொன்னாரு. நான் சண்டைக்குக் கிளம்பினேன். அவருதான், 'விடு, எலிக்காகக் கட்டுறாருன்னு வெச்சுக்கலாம்'னாரு. ஒரு வருஷமா எலிக்குன்னே வெச்சுக்கிட்டோம்."

மகள் கேட்ட இங்கிலீஷுக்கு இதுதான் அர்த்தம். அந்தப் பலனை அந்த மனுஷன் ஒரு வருஷமாக எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இங்கிலீஷும் தெரியாமல், யாவாரமும் தெரியாமல். நான் ஒரு நாள் கொடுக்கவில்லை. ஒரு கயிறு சொன்னதை நம்பினேன், அதுவும் நானே கட்டின கயிறு.

"மாப்பிள்ள எங்க?"

"வேலைக்குப் போயிட்டாரு. உருக்காலைல. அந்த முதலாளிகிட்ட இவரே போய், 'என்னத் திருடன்னு அனுப்பிட்டாங்க, நான் எடுக்கல'ன்னு சொல்லியிருக்காரு. நீ போன் பண்ணி சொன்னதயும் மீறி அவரு வெச்சுக்கிட்டாருண்ணே. எங்க தெரியுமா? தராசுல."

பிறகு சொன்னாள்: "என்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? யார் முன்னால சொன்னியோ அவங்க முன்னால சொல்லு. அப்புறமா வீட்டுக்கு வா."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

செம்பு மூட்டையை வண்டியில் ஏற்றி, அன்றிருந்த ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு உருக்காலைக்குப் போனேன். மாப்பிள்ளை தராசுப் பக்கம் நின்றார். முதலாளி நாற்காலியில் இருந்தார். வாய் உலர்ந்துவிட்டது. எத்தனை விலை பேசிய வாய்.

"மாப்ளே, மூட்டைய யாரும் அவுக்கல. முடிச்ச மாத்திக் கட்டினது நான். நீங்க எதையும் எடுக்கல. நான் சொன்னது தப்பு. என்ன மன்னிச்சிருங்க." ஆட்கள் பக்கம் திரும்பினேன். "நீங்களும் கேட்டுக்குங்கப்பா." முதலாளியிடம், "போன்ல சொன்னதும் பொய்தாங்க."

ஒருவன் தலையைச் சொறிந்தான். இன்னொருவன் என்னிடம், "அவரு எடுத்திருக்கமாட்டாருன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் முதலாளி. சொன்னா எங்களயும் அனுப்பிடுவீங்கன்னு…" என்று இழுத்தான்.

மாப்பிள்ளை மூட்டைக் கயிற்றைப் பார்த்தார். வால் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

"விரல் ஆறிடுச்சா மச்சான்?"

"ஆறுது."

"கிடங்குக்கு வரச் சொல்லாதீங்க. மனசு வராது."

"கேக்கமாட்டேன் மாப்ளே."

மூட்டையைத் தட்டில் ஏற்றினார்கள். எடை போடும்போது, எதையாவது ஒட்டி வைத்திருப்பார்களோ என்று நான் எப்போதும் குனிந்து தராசுக்கு அடியில் பார்ப்பேன். என்னைக் கிண்டல் செய்ய எல்லோரும் சொல்லும் விஷயம் அது. கால் தானாக முன்னே போனது. நிறுத்தி, வாசலுக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றேன்.

"மச்சான், வந்து முள்ளப் பாருங்க."

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

"அப்புறம் கொறையுதுன்னு தோணினா?"

"எலி தின்னுடுச்சுன்னு வெச்சுக்கறேன்."

உள்ளே அவர் லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. முழுச் சிரிப்பு இல்லை. தங்கையிடம், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தால் வழிவிடு என்று சொல்வதாகச் சொன்னார்.

பேசி முடித்தது: இனி என் செம்பு முழுவதும் அந்த ஆலைக்கே. விலை அன்றன்றைய சந்தை விலை. எடை மாப்பிள்ளை சொல்வது. நான் கூட நின்று பார்ப்பதில்லை.