முதல் அத்தியாயத்தில் உன்னை எழுதினேன்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பாய். போனிலும் அதைத்தான் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நான் இங்கே நலம். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டால் எழுத்து ஓடும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் இன்னும் முடியவில்லை. இந்த வயதில் முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பியவளுக்கு இதெல்லாம் வேண்டும்தான் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

அந்த அத்தியாயத்துக்கு அறிமுகம் என்று பெயர். என்ன சிக்கலை ஆராய்கிறோம், அது ஏன் முக்கியம், யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்றெல்லாம் அதில் சொல்ல வேண்டும். என் தலைப்புதான் உனக்குத் தெரியுமே: நினைவு மங்கிய பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் மனச்சுமை. முதலில் எழுதியதை நெறியாளர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். உலகம் முழுவதும் எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று அள்ளிக் கொட்டியிருந்தேன். "இதுல மனுஷங்க யாரையும் காணோமேம்மா. ஒரே ஒருத்தரைக் காட்டி ஆரம்பிங்க" என்றார்.

நான் உன்னைக் காட்டினேன்.

ரிட்டையர் ஆனதையே மறந்து அப்பா தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதை நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்னாயே, அதைத்தான் எழுதினேன். தடுத்தால் கோபப்படுகிறார் என்று நீயே சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தம்வரை கூடப் போய், பஸ் வந்ததும் ஓட்டுநருக்குக் கண்ஜாடை காட்டுவதை. அவரும் உனக்கு ஒத்து ஊதி, "இன்னைக்கு ஆபீஸ் லீவாம் சார்" என்று சொல்லி அனுப்புவதை. பெயர் போடவில்லை, 'நடுத்தர வயதுப் பெண் ஒருவர்' என்று மட்டும். துறைக் கருத்தரங்கில் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது குட்டி, உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அப்போது ஒரு பேராசிரியை, அந்தப் பெண்ணை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார். களப்பணியில் என்று சொல்லிவிட்டேன். என் தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அப்படியானால் நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்றுதானே அடுத்துக் கேட்பார்கள்?

இது போதாதென்று இன்னொன்று. ஆய்வு எல்லை என்ற பகுதியில், 'வெளியூரில் வசிக்கும் உடன்பிறந்தோர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். எல்லா ஆய்வேட்டிலும் இந்த மாதிரி ஒரு வரி வரும், யோசிக்காமல் கை எழுதிவிட்டது. நெறியாளர் பக்கத்திலேயே பென்சிலால் 'ஏன்? காரணம் தருக' என்று குறித்து அனுப்பினார். எதை எதையோ எழுதி அடித்தேன். கடைசியில், 'அவர்கள் பராமரிப்பில் நேரடியாகப் பங்கேற்பதில்லை' என்று எழுதினேன். ஆய்வு முறைப்படி கச்சிதமான காரணம். படித்துப் பார்த்தால் என்மேல் யாரோ புகார் எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பகலில் அப்பாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளும் உன் எதிர்வீட்டு டீச்சர் போன் செய்தார். நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி, புதிதாக வாங்கும் லென்ஸ் இயந்திரத்துக்காக உன்னை வெளியூருக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்ப இருந்தாராமே. முடித்து வந்தால் பட்டறைப் பொறுப்பே உனக்காம். நீ முடியாது என்றுவிட்டாயாம். டீச்சர் ஏன் என்று கேட்டதற்கு, "அக்கா ஏதோ அத்தியாயம் குடுக்கணுமாம், அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றாயாம். கேட்டதும் அழுதேன். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. தியாகி வேஷம் உனக்குப் பொருந்தவே இல்லை. அந்தக் கோபமும் ரொம்ப நேரம் உன்மேல் நிற்கவில்லை, என்மேலேயே திரும்பிவிட்டது.

நெறியாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். களத்தில் பார்த்த பெண் இல்லை, என் கூடப் பிறந்தவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கருத்தரங்கில் சொன்னது தவறு என்று துறைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். நீ சம்மதித்தால் அந்தப் பக்கங்கள் இருக்கலாம், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். இந்த மாதம் அத்தியாயம் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார். தள்ளிப்போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு, ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் முதலாளியிடமும் பேசிவிட்டேன். மூக்கை நுழைக்கிறாள் என்று முறைக்காதே, அக்கா என்றால் அப்படித்தான். முதல் தேதிவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வேண்டாம் என்று போன் செய்தால் எடுக்க மாட்டேன். நீ பயிற்சிக்குப் போ. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே வர முடியாததற்கு வேலை, படிப்பு என்று நான் இத்தனை நாள் சொன்னதில் பாதி பொய் குட்டி. போன தடவை வந்தபோது அப்பா என்னை வாசலிலேயே நிறுத்தி, "வீட்ல யாரும் இல்லீங்க, அப்புறமா வாங்க" என்றார். நீ உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாய். நானும் சிரித்தேன். அவசரமாக மீட்டிங் என்று சொல்லி அன்றைக்கே கிளம்பினேனே, மீட்டிங் எதுவும் இல்லை. அப்பாவைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

போகிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, நிம்மதியாகத் தூங்கு. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும். எனக்காக ஒன்று மட்டும் செய். நான் வந்த முதல் நாள் கூட இரு. அவர் என்னைப் போகச் சொன்னாலும், நீ என்னைப் போகவிடாதே.

உன்,
அக்கா