குப்பைமேட்டின் மேலடுக்கு

செப்டம்பர் 3

கொத்தனார் கரணையை வைத்துச் சரசரவென்று சுரண்டிக்கொண்டே போனேன். மலைமேல் யாரோ எப்போதோ விட்டுப்போன பண்ணை வீடு. சுவர்கள் முழங்கால் உயரம்தான் மிச்சம். களிமண் தரை வந்ததும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். தரை இரண்டு விரல் கனம். நான் அதற்கும் கீழே ஒரு சாண் போயிருந்தேன்.

அகழாய்வை நடத்தும் மேடம் எட்டிப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. "எத்தனை தலைமுறையா தாங்கின தரை. ஒரே காலையில ஓட்டை போட்டுட்டே. வெளிய வா."

நாளையிலிருந்து குப்பைமேடு. அந்த வீட்டுக்காரர்கள் கொட்டியதைச் சலிக்க வேண்டும்.

செப்டம்பர் 4

எல்லோருக்கும் நான் இப்போது புல்டோசர்.

செப்டம்பர் 5

அக்கா போன். "படிப்பைத்தான் பாதியில விட்டே. போன எடத்துலயாவது இருக்கியாடி, இல்ல தொரத்திட்டாங்களா? மாமா கடையில பில் போட ஆளில்லாம திண்டாடுறாரு."

துரத்தவில்லை என்றேன். பாதி உண்மை.

மழை பிடிப்பதற்குள் வீட்டுக்குள் திரும்பிப் போயே தீருவேன். அடுப்பு மூலை இன்னும் தோண்டவில்லை. அது எனக்குத்தான். எவன் குறுக்கே வந்தாலும் சரி.

செப்டம்பர் 9

சாம்பல், கரி, ஓட்டுச்சில்லு, எலும்பு. மறுபடி எலும்பு.

என் இடத்தில் இப்போது ஒரு மாணவன், கண்ணாடிக்காரன். சுவருக்கு மேல் தலையை நீட்டினான். "என்ன புல்டோசர், எலும்பு சூப்பா?"

"ஒனக்கு என்ன கெடைச்சுது?"

"ஒண்ணுமில்ல. பெருக்கித் தொடைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. நல்ல எடமா கெடைச்சிருக்கும், கெளம்பிட்டாங்க."

ஒண்ணுமில்லையா? நல்லா வேணும்.

செப்டம்பர் 13

மேலடுக்கு எலும்பு, அதாவது அவர்கள் கடைசியாகக் கொட்டியது, தனிப் பை; அதற்கு முந்திய கீழடுக்கு தனிப் பை. அடுக்கு மாறினால் எல்லாம் வீண் என்கிறார் மேடம். கரணையை வைத்துவிட்டுத் தூரிகை எடுத்தேன். கை அடங்கமாட்டேன் என்கிறது. சனியன்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்களாம். காதில் விழவில்லை.

செப்டம்பர் 17

எலும்பு டாக்டர் மேலே வந்தார். நாங்கள் வைத்த பெயர். எலும்பைப் பார்த்து ஆட்டின் வயதைச் சொல்லும் அம்மாள். என் பைகளை மேசையில் பரப்பினார்.

"கீழடுக்கைப் பாரு. கெழட்டு ஆடு, கிடாக்குட்டி. எல்லா வீட்லயும் அடிக்கிறதுதான். மேலடுக்குல முழுக்க குட்டி போடற வயசுப் பெட்டை. இது சினையாடு. வயித்துக்குட்டி எலும்பும் கூடவே கெடக்கு."

"பெட்டையை அடிச்சா அடுத்த வருஷம் மந்தை ஏது?"

"அடுத்த வருஷத்தைப் பத்தி நெனைக்க முடிஞ்சா அடிச்சிருப்பாங்களா?"

எலும்பையெல்லாம் நொறுக்கி உள்ளே இருந்ததையும் உறிஞ்சியிருக்கிறார்கள்.

நல்ல எடமாம்! பசிடா. பசியோட தரையைப் பெருக்கிட்டுப் போயிருக்காங்க. எதுக்கு? திரும்பி வரலாம்னா? வந்தாங்களா — அய்யோ, என்ன மனுஷங்க.

செப்டம்பர் 20

மேடம் குப்பைமேட்டுக்கே வந்தார். "அடுப்பு மூலைக்கு ஆள் வேணும். வர்றியா?"

இதற்காகத்தானே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வருகிறது.

"இங்க மேலடுக்கு ஒரு ஓரம் பாக்கி இருக்கு. அவனையே தோண்டச் சொல்லுங்க மேடம்."

"மழை பிடிச்சா மூலை போயிடும். அப்புறம் வந்து அழக்கூடாது."

"போகட்டும்."

கண்ணாடிக்காரன் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 26

தூறல். வீட்டுக்குள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் குப்பைமேட்டின் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே குந்தியிருந்தேன். மேலடுக்கின் உச்சியில் ஒரு தாடை. ஆடு இல்லை. நாய். தாடையில் கத்தி அறுத்த கோடு.

அக்கா போன். "மாமா வேற ஆளைப் போட்டுட்டாரு."

"சரி."

"என்னடி சரி? அப்படி என்னதான் பண்றே அங்க?"

"ஒரு வீட்ல கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம். பிறகு, "என்ன சாப்பிட்டாங்க?"

"அப்புறம் சொல்றேன்க்கா. இன்னும் முடியல."