தும்பிக்கை தள்ளி விழுந்த யானை

திருப்பூர்
22.11.2008

அன்புக் கண்ணு அருள்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் சர்க்கரை என்னைவிடச் சுகம், டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. மெயில் இருக்கும்போது எதற்குக் கூரியர் என்று நினைப்பாய். நம் பனியன் கம்பெனி மெயிலின் பாஸ்வேர்டு மறந்துவிடக்கூடாதென்று கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், பேக்கிங் ஆட்கள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே என் மெயில்களைப் படித்து எது அவசரம் என்று சொல்லிவிடுகிறார்கள். உன் ரகசியத்தை அதில் எழுத மனம் வரவில்லை. ஆமாம், ஆர்குட்டில் ஓடைக்கரையான் என்ற பெயரில் வீரபாண்டிப் பக்கத்து ஓடையின் சிவப்புத் தண்ணீரைப் பற்றி எழுதுவது நீதான் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தால் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவின் அண்ணன் மயில்சாமி மாமா, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மகன் மோகன்ராஜோடு வந்துவிட்டார். மழை நாளில் ஓடையில் சாயத் தண்ணீரைத் திறந்துவிடும் ஒரு டையிங் என்று நீ பெயர் சொல்லாமல் எழுதியிருந்தாய், அது தன்னுடையதுதான் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. எழுதியவன் யார் என்று மட்டும் தெரிய வேண்டுமாம். தெரிந்தால் அவன் குடும்பத்து வாசலைச் செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்று நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னார். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான்.

நீ முகத்தைக் காட்டாமல் கழுத்திலிருந்து கீழே படம் போட்டாய், வயதை ஐம்பத்து மூன்று என்று போட்டாய், அது என் வயதாகிப் போனதால் மாமா என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்தார், பிறகு படத்தில் இருந்த வயிற்றையும் என் வயிற்றையும் பார்த்துச் சமாதானமானார். ஆனால் கண்ணு, திருப்பூரில் முகத்தை யார் பார்க்கிறார்கள், பனியனைத்தானே பார்ப்பார்கள். மோகன்ராஜ் படத்தில் நீ போட்டிருந்த பனியன்மேல் விரலை வைத்து, "ஏனுங்க மாமா, இது உங்க கம்பெனியில ஓடுன பீஸ்தானுங்களே, தும்பிக்கை தனியா நிக்குதுங்களே" என்றான். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் நகர்ந்து, யானை ஒரு பக்கமும் தும்பிக்கை இரண்டு இஞ்ச் தள்ளியும் விழுந்து, ஆர்டர் கொடுத்த பையர் வேண்டாமென்று தள்ளிய அதே லாட். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத யானை அது.

நானும் அசராமல், "ஊரே அதைப் போட்டுட்டுத் திரியுதுங்க மச்சான், யாருன்னு தேடுவீங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பெட்டியைவிட்டு வெளியே வந்தது மூன்று பீஸ். ஒன்று உன்னிடம், ஒன்று என் தொப்பையைத் தாண்டி இறங்க மறுத்துப் பீரோவில், மூன்றாவதைப் பிடிதுணியாக வைத்துத்தான் உன் அம்மா அந்த நேரம் காபிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரிண்டைப் பார்த்தாள், யானையை உள்பக்கமாக மடித்துக்கொண்டாள், அண்ணனிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

சொன்ன பொய்யை உண்மையாக்குவதுதானே யோக்கியம். திங்கட்கிழமை காலையில் பெட்டியைப் பிரித்து நூற்றெண்பது பீஸைக் கொடுத்துவிட்டேன், நம் டெய்லர்கள், செக்கிங் பெண்களின் வீட்டுக்காரர்கள், வேன் டிரைவர் சீனிச்சாமி, மாமாவின் டையிங்கில் பாய்லர் பார்ப்பவர் வரைக்கும். தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கு மூளை கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், அது நமக்கு நல்லதுதான். வியாழக்கிழமை மாமா போன் செய்தார். பஸ் ஸ்டாப்பில், பேக்கரியில், சொந்த பாய்லரடியில் எங்கே திரும்பினாலும் அந்த யானைதானாம், யாரைப் பிடிப்பது என்று நொந்துகொண்டார். கடைசியில், "ஏனுங் மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் குடுத்தீங்க, எனக்கு ஒண்ணு குடுக்கோணும்னு தோணலீங்களா" என்றார். பெட்டியில் மிஞ்சிக் கிடந்த டபுள் எக்ஸெல்லை அனுப்பினேன். இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் வாக்கிங் போனார்.

உன் அம்மா இத்தனை நாளும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நேற்று சோறு போடும்போது, "அவன் கழுத்து மச்சம் தெரியுதுங்க, நான் பெத்த கழுத்து எனக்குத் தெரியாதுங்களா, அந்தப் படத்தை எடுத்துப்போடச் சொல்லுங்க" என்றாள். எழுதியதையும் எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரசத்தை ஊற்றி முடித்தாள். அப்புறம், "அதை எதுக்குங்க எடுக்கோணும், பொய்யாங்க எழுதியிருக்கறான், அண்ணன் ஊட்டுக் கிணத்துத் தண்ணியில அவிங்களுக்கே பருப்பு வேகறதில்லீங்க" என்றாள். நான் மறுசோறு கேட்கவில்லை, அவளாகவே போட்டாள்.

அதனால் படத்தை இன்றே எடுத்துவிடு. பதிலுக்கு வெறும் வெள்ளைப் பனியன் போட்டு எடுக்கலாமென்று நினைக்காதே, தையலைப் பார்த்து எந்த டெய்லர் என்று சொல்லிவிடுவான் மோகன்ராஜ். ஒரு மரத்தைப் போடு, டப்ளின் மரமாக இல்லாமல். குளிருக்குக் கம்பளி போடு, வேளைக்குச் சாப்பிடு, சென்னிமலை முருகன் உன் கூடவே இருக்கட்டும், அம்மாவும் நானும் உன்னை வாழ்த்துகிறோம்.

எழுத மறந்தேன், ஊர்ச் செய்தி ஒன்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது, இரண்டேகாலுக்கு ஓடை கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. சும்மா சொல்லி வைக்கிறேன். போன தடவை நீ கிழமையைத் தப்பாக எழுதியிருந்தாய்.

இப்படிக்கு,
பெயர் எதற்கு,
உன் அப்பா