தபால்காரம்மாவுக்கு ஆறு வகிடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து, இது யாரிடமிருந்து என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். முகவரியை எழுதியது நான் இல்லை. எழுதியவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கஸ்டமர் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவர்களை அனுப்பிவிட்டுப் படி.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். அறையில் என்னோடு இருக்கும் பெண் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவதால் குளியலறைக்குச் சண்டை இல்லை. நீ நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது என்று அம்மா சொன்னாள். அதற்கென்று இறுக்கமான காலுறை கிடைக்கிறது. ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். அழகாக இருக்காது, ஆனால் போட்டுக்கொள்.

என் வேலை என்னவென்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் பார்லருக்கு வருகிறவர்களிடம் அம்மா 'மூளையைப் படம் பிடிக்கிற வேலை' என்று சொல்வதாகக் கேள்வி. படமெல்லாம் இல்லை. சின்ன வயதில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தி, விரல்கள் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துச் சிரிப்போமே, கிட்டத்தட்ட அதுதான். சிவப்புக்கு அடுத்தாற்போல், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. தோலையும் எலும்பையும் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பும். பிராணவாயுவைச் சுமந்து போகும் ரத்தம் அதை ஒருவிதமாக விழுங்கும், கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ரத்தம் வேறுவிதமாக விழுங்கும். வெளியே வரும் ஒளியை அளந்தால் உள்ளே எந்த இடம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. முன்கையில் ஒரு பட்டை, தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கையை இறுக்கி மூடினால் தசையில் பிராணவாயு குறைகிறது. மூளையிலோ, வேலை நடக்கும் இடத்தில் கூடுகிறது. செலவாவதைவிட அதிகமாகவே ரத்தம் கொண்டுவந்து கொட்டுகிறது. பரீட்சை நாட்களில் நீ உன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் போடுவாயே, அந்த மாதிரி.

முதல் நாள் தொப்பியை எனக்கே மாட்டிப் பார்த்தார்கள். இங்கே டெக்னீஷியனை எல்லோரும் ஒயர் அண்ணன் என்பார்கள். அவர் திரையைப் பார்த்துவிட்டு, ஆய்வை நடத்தும் மேடத்திடம், "மேடம், புதுப் பொண்ணு தலையில ஒண்ணுமே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நம் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கி வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையை விட்டு இறங்க இரண்டு நாள் ஆனது. குற்றம் மூளையில் இல்லை, முடியில் என்று பிறகுதான் தெரிந்தது. கறுத்து அடர்ந்த முடி அந்த ஒளியைக் குடித்துவிடும்.

இனி தபால்காரம்மாவுக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருடம் சைக்கிளில் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கை துவண்டுவிட்டது. எங்கள் ஆய்வில் சேருகிறவர்களுக்கு எட்டு வாரம் கைப்பயிற்சி உண்டு. வாராவாரம் மூளையையும் கையையும் அளப்போம். அளக்க முடியாதவர்களுக்கு ஆய்வில் இடமில்லை, இடமில்லை என்றால் பயிற்சியும் இல்லை. வலது கையை ஆட்டுவிக்கும் இடம் தலையின் இடது பக்கம், காதிலிருந்து உச்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது. தபால்காரம்மாவுக்கு அங்கே முடி எப்படி இருக்கும் தெரியுமா? நீ பார்த்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவாய். பின்னலை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

ஒயர் அண்ணன் தொப்பியின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பஞ்சுக் குச்சியை விட்டு முக்கால் மணி நேரம் முடியை ஒதுக்கிப் பார்த்தார். "காது குடையிற மாதிரி குடையிறீங்களே தம்பி, அங்க அழுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அம்மா. திரையில் ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளலாமே என்று அண்ணன் மெதுவாகக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கை ஏற்கெனவே போச்சு. இப்ப முடியையும் கேக்கறீங்களா? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'முடி இடையூறு' என்று எழுதினார்கள். ஏற்கெனவே மூன்று பேருக்கு அப்படி எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேடம், இந்த நான்கு பேரையும் விட்டுவிடலாம், இனிமேல் முடி குறைவாக இருப்பவர்களாகப் பார்த்துச் சேர்க்கலாம் என்றார். நான் வழக்கம்போல் கதவோரக் கடைசி நாற்காலியில் இருந்தேன். வந்து நான்கு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. "வகிடு எடுத்தா போதும் மேடம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அண்ணன், அதைத்தானே குச்சியால் செய்கிறோம் என்றார். "ஒதுக்குறது வேற, வகிடு எடுக்கிறது வேற" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது பார்லரில் நீ என்னைத் திட்டும் வாக்கியம்.

மேடம் ஒரு வாய்ப்புக் கொடுத்தார், திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை. தொப்பி போடும் முன்பே அதன் ஓட்டை வரிசையை அளந்து, வரிசைக்கு ஒன்றாக ஆறு வகிடு எடுத்தேன். நடுவில் நிற்கும் முடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு நூலால் கட்டினேன். தண்ணீர் தெளித்து, நீ சொல்வது போல முடி பழைய வழியை மறக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றேன். நூல் பிடித்தாற்போல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நான் எடுத்திருந்தது வலது பக்கத்தில்.

பார்லரில் பின்னால் நின்றே பழகியவள் இல்லையா? அங்கே கஸ்டமரின் இடது என் இடது. இங்கே நாற்காலிக்குப் பின்னால் இயந்திரம் இருப்பதால் எதிரே நின்றேன், கை பழக்கத்தில் போய்விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தபால்காரம்மா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் குடுத்திருக்கே, வீடுதான் மாறிப்போச்சு. நானும் அப்படி மாத்திக் குடுத்திருக்கேன் போ. வாங்கிட்டு வந்து சரியான வீட்டுல குடு" என்றார். நாற்காலியையே திருப்பிப் போட்டு, பின்னால் நின்று மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

சிக்னல் சரியாக இருந்தால் திரையில் ஓடும் கோட்டில் நாடித் துடிப்பு குட்டிக் குட்டி அலையாகத் தெரியும். தெரிந்தது. "அது நானா?" என்று கேட்டார் அந்த அம்மா. பந்தை வலது கையால் அழுத்தச் சொன்னோம். விரல் மடங்கியதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு மூன்று விநாடி கழித்து, இடது பக்கத்தில் பிராணவாயுவைக் காட்டும் சிவப்புக் கோடு மெல்ல மேலே ஏறியது. ஒயர் அண்ணன் பதிவேட்டை எடுத்து 'முடி இடையூறு' என்பதை அடித்தார். மற்ற மூன்று பேரையும் திரும்ப அழைத்தாயிற்று. இப்போது படிவத்தில் 'வகிடு எடுத்தாயிற்றா?' என்று ஒரு கட்டமே இருக்கிறது.

அன்று மேடம், இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அக்கா, வேலைக்கு விண்ணப்பித்தபோது உன் பெயருக்கு எதிரே 'சுயதொழில்' என்றுதான் எழுதியிருந்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும், "எங்க அக்கா பார்லர் வச்சிருக்காங்க. ஏழு வருஷம் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது, "ஆயுசு முழுக்க அடுத்தவங்க முடிக்குள்ள விரலை விட்டுக்கிட்டு நிக்க என்னால முடியாது" என்று உன்னிடம் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் யாருக்கோ பின்னல் போட்டுக்கொண்டிருந்தாய். இப்போது ஒரு நாளைக்கு மூன்று தலை. நீ சிரித்தால் எனக்குக் கோபம் வராது.

தபால்காரம்மாவுக்கு இது ஏழாவது வாரம். பேனா பிடிக்கிறார். போன வாரம், நான் போன் செய்தால் நீ "அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று சொல்லிவிடுவதை அவரிடம் சொன்னேன். "அப்ப எழுதிப் போடு. கடுதாசி அவங்க பேருக்கு வந்தா அவங்கதான் பிரிக்கணும், அடுத்தவங்க கையில குடுக்க முடியாது" என்றார். முகவரியைத் தானே எழுதுவதாக உறையை வாங்கிக்கொண்டார். மூன்று வரிக்கு இருபது நிமிடம் ஆனது. வலது கையால் எழுதியது, அதனால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

மற்றவர்களுக்கும் சொல்லித்தர நீ இரண்டு நாள் வர முடியுமா என்று மேடம் கேட்கச் சொன்னார். டிக்கெட் அவர்களே எடுப்பார்கள். வந்தால் தொப்பியை உனக்கும் மாட்டிப் பார்ப்போம். உனக்கு வகிடு நான் எடுக்கிறேன், நீ குற்றம் சொல்லிக்கொண்டே இரு. வகிடு எடுக்கும் வால் சீப்பு மட்டும் நம் கடையில் இருக்கும் அந்தப் பழையதைக் கொண்டுவா. இங்கே வாங்கியது கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் செய்வேன். அம்மாவிடம் கொடுத்துவிடாதே அக்கா.

நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்,
உன் தங்கை