கவிழ்த்து வைத்த டப்பாக்கள்

அன்புள்ள கிரேன்காரருக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அங்கே அந்த உயரத்தில் காற்று ஒத்துக்கொள்கிறதா, மத்தியானச் சாப்பாடு நேரத்துக்கு மேலே வந்து சேர்கிறதா என்று எழுதுங்கள். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டதாக எழுதியிருந்தீர்கள். இளைத்தா, பெருத்தா, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. போனில் கேட்கலாம்தான், ஆனால் பேச ஆரம்பித்ததுமே குட்டி பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் லீவில் வரும்போது நாலு பேருமாகப் போய்த் தங்கப் பார்த்த கடற்கரை வீட்டு வாடகையைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றியபோது, முன்பணத்தைக் கட்டுங்கள், மிச்சத்தை மளிகையில் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். இப்போது வந்து பாருங்கள். பால், காய், முட்டை தவிர வேறு எதுவும் வாங்குவதில்லை, இருப்பதைச் சமைத்துத் தீர்க்கிறோம். ஒரு டப்பா காலியானால் கழுவி, ஜன்னலோரப் பலகையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். கடற்கரைக்குப் போய் வரும்வரை அதை நிமிர்த்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அலமாரி மூலையில் பதுங்கியிருந்த ரவை மூட்டை அகப்பட்டதும் எனக்குக் கொண்டாட்டம், பெரியவனுக்குத் திண்டாட்டம். மளிகைக்கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, வீட்டையே காலி செய்துவிட்டீர்களோ என்று நினைத்தேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பருப்பு டப்பாவைத் தேடினேன். அதுவும் கவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள்தான் பாதிக்கு மேல் இருந்தது. பெரியவனை விசாரித்தால், தனக்கு ரவை விவகாரம் மட்டும்தான் தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாயங்காலம் மாடி வீட்டுத் தையல்காரம்மா பாத்திரம் நிறையப் பருப்போடு இறங்கி வந்தார். முந்தாநாள் சர்க்கரை, இன்று பருப்பு, உங்கள் மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் குட்டியைப் பிடித்துக் கத்திவிட்டேன். அவள் அழவே இல்லை.

"எல்லா டப்பாவும் கவுந்தாதானே அப்பா வருவாரு? நீதானே சொன்னே" என்றாள்.

சொன்னது நான்தான். எப்போது வருவார், எப்போது வருவார் என்று நச்சரித்த ஒரு நாள், அடுப்படி வேலையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பருப்பில் பாதியைத் தையல்காரம்மாவையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. லீவை எடுக்காமல் வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளமாம், நீங்கள் மூன்று பேரும் போய்விட்டு வாருங்கள், அந்தப் பணம் செலவுக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கோபம்தான் வந்தது. அதை எழுதும்போது உங்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது. செலவுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. வெறும் கடலைப் பார்ப்பதற்காக யாரும் இவ்வளவு ரவை தின்ன மாட்டார்கள். குட்டிக்கு நீங்கள் போனுக்குள் இருக்கிற ஆள். உங்கள் தோளில் உட்கார்ந்து கடைத்தெரு சுற்றியதெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏணியில் இறங்கும்போது நிதானமாக இறங்குங்கள். லீவு கேட்டு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்போது அரிசி டப்பா ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கிறது. குட்டி தினமும் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். ஊட்டிவிட்டாலும் வாயை மூடிக்கொள்கிறவள், நேற்றிலிருந்து இன்னொரு கரண்டி சோறு போடு என்று தட்டை நீட்டுகிறாள். நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு நிதி மந்திரி