அப்பாவைப் பற்றிக் கேட்காதவர்கள்

வைட்ஃபீல்ட், பெங்களூரு
14.9.2025, ஞாயிறு

சிரிலுக்கு, அம்மா எழுதுவது.

அன்புள்ள என்று தொடங்க இன்று கை வரவில்லை. போனில் சொன்னால், "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் டொரண்டோவுக்குக் கடிதம்.

அல்சூர் வீட்டைக் காலி செய்து இந்த அபார்ட்மெண்ட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வந்த மறுநாளே என் நம்பரை வாக்கிங் குரூப்பில் சேர்க்கச் சொன்னது நீ. காலை ஆறு மணிக்கு, என்னையும் சேர்த்து ஏழு பெண்கள், உள்சாலையில் ஐந்து சுற்று. எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். நல்லவர்கள்தான். முழங்கால் வலிக்குத் தைலம் கொடுத்தார்கள், மீன்காரர் நம்பர் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர்கூட என் கணவரைப் பற்றிக் கேட்கவில்லை. நானாக "எங்க வீட்டுக்காரர்" என்று எடுத்தால், குரூப்பை நடத்தும் சுனிதா உடனே, "ஆன்ட்டி, இன்னிக்கு என்ன டிபன்?" என்பாள். இரண்டு பேர் வேகமாக முன்னால் போய்விடுவார்கள். இங்கே இருப்பவர்களுக்குச் சாவுப் பேச்சு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மாதம் டிபனைப் பற்றியே பேசினேன்.

போன திங்கட்கிழமை பெட்டி என்று ஒரு பெண்மணி புதிதாக வந்தார். கோலார் தங்கவயல்காரர், சி பிளாக்கில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பட்டன் போன் வைத்திருப்பதால் வாட்ஸப் குரூப்பில் இல்லை. இரண்டாவது சுற்றில், "உங்க ஊட்டுக்காரரு நடக்க வரமாட்டாரா, அவ்ளோ சோம்பேறியா?" என்று கேட்டார். சுனிதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். எங்க வீட்டுக்காரர் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது என்றேன். "ஐயோ, எப்படிம்மா?" என்றார் பெட்டி. இந்த வீட்டுக்கு வந்த பின் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

சுனிதா, "டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி, உட்காருங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஏன் எல்லாரும் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கூட நடக்கும் யசோதாதான் தன் போனில் தேடிக் காட்டினார். என் நம்பரைச் சேர்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நீ சுனிதாவுக்கு அனுப்பி அவள் குரூப்பில் போட்ட மெசேஜ். "அம்மாவிடம் யாரும் அப்பா பேச்சை எடுக்க வேண்டாம். எடுத்தாலே உடைந்துபோவார்கள். சந்தோஷமான விஷயங்கள் மட்டும் பேசுங்கள்."

யார் உடைந்துபோனது? நான் கல்லறையில் அழுதேன், அதன் பிறகு யார் முன்னாலும் அழவில்லை. போனில் அப்பா என்ற சொல் வந்தாலே பேச்சை மாற்றுகிறவன் நீ. உன்னால் கேட்க முடியாததை மற்றவர்களும் கேட்கக்கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் சத்தம் போட்டேன். நாலு மாதமாக என்னை நோயாளி மாதிரி நடத்தினீர்களா என்றேன். சுனிதாவுக்குக் கோபம். "உங்க பையன் கெஞ்சிக் கேட்டாரு, செஞ்சோம். எங்க மேல எகிறினா எப்படி?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கோபம் உனக்கு வரவேண்டியது. செவ்வாயிலிருந்து அவர்கள் ஒரு பக்கமாகவும், நானும் பெட்டியும் எதிர்ப்பக்கமாகவும் சுற்றுகிறோம். எதிரே வரும்போது சுனிதா போனைப் பார்க்கிறாள்.

பெட்டியிடம் எல்லாம் சொன்னேன். உனக்குச் சொல்லாததையும் சொன்னேன். அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பா போனபோது நான் பக்கத்தில் இல்லை. ஒரு வாய் காபி வேண்டும் என்றார். கீழே கேன்டீனுக்குப் போனேன், லிஃப்டுக்குக் காத்து நின்றேன். மேலே வந்தபோது நாலு பத்து. நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிஷம் அம்மா பக்கத்தில் இருந்தார்கள் என்று நீ எல்லாரிடமும் சொன்னாய். நான் மறுக்கவில்லை. மறுக்க நீ இடம் கொடுக்கவில்லை.

"காபி கேட்டா வாங்கத்தாம்மா போவோம்" என்றார் பெட்டி.

சுனிதாவுக்கு நீயே எழுது. "நான் சொன்னது தப்பு, அம்மாவிடம் எதையும் கேட்கலாம்" என்று எழுது. அவர்கள் எனக்கு வேண்டும். பெட்டி டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவார்.

இது கைக்குக் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, அங்கே குளிர் எவ்வளவு என்று சொல்லாதே. அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேள். உனக்கு அழுகை வந்தால் அழு, நான் போனை வைக்க மாட்டேன்.

கோபம் தீரவில்லை. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
குளோரியா ஃபிராங்க்ளின்